முப்பத்தொண்ணும் இருபத்து மூணும்

(அங்கன்வாடிப் பணியாளர்களும் உதவியாளர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நோட்டீஸ்ல என் பேருக்கு முன்னால கவிஞர்னு போட்டிருக்கீங்க. இன்னிக்கு கவிஞருக்கு வேலை இல்லை. பேங்குல கிளார்க்கா இருக்கிறவனாத்தான் வந்திருக்கேன். கணக்கைப் பத்திப் பேசப் போறேன். பெரிய கணக்கு இல்லை. உங்க மையத்துல மத்தியானம் எத்தனை பிள்ளை சாப்பிட்டுச்சுன்னு நோட்டுல ஒரு கட்டத்துக்குள்ள எழுதுறீங்களே, அந்த ஒரு எண்ணைப் பத்தித்தான்.

சாதி ஒழிப்பு பேசுற மேடையில சாம்பார் கணக்கு எதுக்குன்னு பின்னால ஒரு தோழர் முகம் சுளிக்கிறார். இருங்க தோழர். எண்ணிக்கையில சேர்றதே நமக்குச் சண்டை போட்டு வாங்கின விஷயம். 1932இல் யாருக்கெல்லாம் வாக்குரிமை கொடுக்கலாம் என்று விசாரிக்க லோதியன் குழு வந்தது. அம்பேத்கர் அதில் உறுப்பினர். அதுவரை தீண்டத்தகாதவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள் என்பதை யாரும் மறுத்ததில்லை. எண்ணிக்கைக்குத் தக்கபடி இடம் கொடுக்கவேண்டி வரும் என்று தெரிந்ததும், ஐக்கிய மாகாணத்திலும் வங்காளத்திலும் சாதி இந்துக்கள் வந்து உட்கார்ந்துகொண்டு, எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்டவர்கள் இல்லவே இல்லை, இருந்தாலும் கொஞ்சம்தான் என்று சாதித்தார்கள். இதை அம்பேத்கரே எழுதியிருக்கிறார். தொடமாட்டேன் என்று சொல்வதற்குக் கோடிப்பேர் இருந்தார்கள். பங்கு என்றதும் ஆளையே காணோம். எண்ணை எழுதுகிற கை எந்தப் பக்கம் நிற்கிறது என்பது அன்றைக்கே அரசியல்தான்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். பிள்ளைக்குச் சோறு போட்டதுல தமிழ்நாட்டுக்குப் பெருமை உண்டு, நான் மறுக்கலை. 1956இல் காமராசர் மதிய உணவு. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவு, இரண்டு வயதுப் பிள்ளையிலிருந்து. 1989இல் கலைஞர் முட்டை. இன்றைக்கு 54 ஆயிரத்துக்கு மேல் அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. 2013இல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளையின் சாப்பாட்டை உரிமை என்றே எழுதிவிட்டது. நானும் பால்வாடியில் தட்டு ஏந்தி வளர்ந்த உடம்புதான். இந்தப் பெருமையெல்லாம் மேலே போய்ச் சேர்வது எதன் வழியாக? உங்க கட்டத்துக்குள்ள இருக்கிற எண் வழியாத்தான். கீழே ஆயா சொல்ற எண், டீச்சர் எழுதுற எண், சூப்பர்வைசர் கூட்டுற எண், கடைசியில சட்டசபையில வாசிக்கிற எண். அடியில தப்பா இருந்தா அங்க வரைக்கும் தப்புதான்.

ஒரு மையத்தில் ஒரு நாளைக்கு மூணு எண் இருக்கு. பேர் பதிஞ்ச பிள்ளை எத்தனை, வந்த பிள்ளை எத்தனை, சாப்பிட்ட பிள்ளை எத்தனை. மூணும் வேற வேற. நம்ம நோட்டுகள்ல இந்த மூணும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே முகமா இருக்கும். காலையில வருகைப் பதிவேட்டுல போட்ட எண்ணை அப்படியே மத்தியானக் கட்டத்துலயும் எழுதிடறது. சில இடத்துல மாசக் கடைசியில உக்காந்து முப்பது நாளுக்கும் ஒரே பேனாவுல, ஒரே மையில எழுதறது. பேங்குல இப்படி ஒரு நோட்டைப் பார்த்தா ஆடிட்டர் உள்ள படிக்கவே மாட்டார். மை நிறத்தைப் பார்த்தே மூடி வச்சிருவார்.

என் சின்னம்மா ஒரு மையத்தில் ஆயா. எந்த மாவட்டம், எந்த ஊர்னு கேக்காதீங்க, சொல்லமாட்டேன். அவங்களுக்கு இன்னும் வேலை பாக்கணும். அஞ்சாங் கிளாஸ் படிப்பு. அந்த மையத்துக்குன்னு டீச்சர் இல்லை. பக்கத்து ஊர் டீச்சருக்குக் கூடுதல் பொறுப்பு. வாரத்துல ரெண்டு நாள் வருவாங்க. மத்த நாளெல்லாம் சமையலும் சின்னம்மாதான், பாட்டும் சின்னம்மாதான், மூக்குத் துடைக்கிறதும் சின்னம்மாதான். சாயங்காலம் போன் பண்ணி எண்ணைச் சொல்லணும். சொன்னா மறந்துபோகுதுன்னு அவங்களா ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. சுவத்துல தொங்குற நாள்காட்டித் தாளைக் கிழிப்போமே, அதோட பின்பக்கம். ஒவ்வொரு தட்டுலயும் சோறு போட்டுட்டு ஒரு கோடு. அஞ்சாவது கோடு குறுக்கே. கட்டு கட்டா எண்ணலாம். தேதி அச்சடிச்சே இருக்கு. அந்தத் தாள்களை ஒரு பிஸ்கட் டப்பாவுல அடுக்கி வச்சிருக்காங்க, வரிசை மாறாம.

அதைப் பார்த்தப்ப எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரலை. பேங்குல அடிப்படை வவுச்சர்னு சொல்வோம். லெட்ஜரைத் திருத்தலாம், கம்ப்யூட்டர்ல இருக்கிறது போகலாம், வவுச்சர் இருந்தா எல்லாத்தையும் திரும்ப எழுதிடலாம். எனக்குப் பயிற்சி கொடுத்துச் சொல்லித்தந்த பாடத்தை, அடுப்பங்கரையில நின்னுக்கிட்டு அஞ்சாங் கிளாஸ் படிச்ச சின்னம்மா தானாக் கண்டுபிடிச்சு வச்சிருக்காங்க. பொருள் கை மாறுற அந்த நேரத்துல எண்ணணும். முன்னாடியும் இல்லை, பின்னாடியும் இல்லை. தட்டு நிரம்பும்போது ஒரு கோடு. மறுசோறு கேட்டா அதுக்குக் கோடு கிடையாது. அது அதே பிள்ளை.

அந்த டப்பாவுல என்ன இருந்துச்சுன்னு சொல்றேன். அதுதான் இன்னிக்குப் பேச்சே.

மையத்துல பதிவு 34 பிள்ளைகள். முட்டை போடுற நாள்ல தாளின் இடது பக்கம் முட்டைக் கோடு, வலது பக்கம் சோத்துக் கோடு. முட்டை 31. சோறு 23. அடுத்த முட்டை நாள், முட்டை 30, சோறு 22. அதுக்கடுத்தது மறுபடியும் 31, 23. டீச்சரோட நோட்டைப் பார்த்தேன். அதுல முட்டையும் 31, சோறும் 31. முட்டை இல்லாத நாளும் 31.

எட்டுப் பிள்ளைகள் எங்கே போனார்கள்?

சின்னம்மா சிரிச்சாங்க. “எங்கயும் போகலப்பா, ஊர்த்தெருப் பிள்ளைங்க. முட்டைய வாங்கிக்கும். பாட்டிமாருங்க பதினொண்ணரைக்கெல்லாம் வந்து கூட்டிட்டுப் போயிருவாங்க. நான் ஆக்குன சோறு ஆகாதாம்.”

முட்டை மட்டும் ஆகுமா? ஆகும். அதுதான் சூட்சுமம். முட்டைக்கு ஓடு இருக்கிறது. அவள் அவித்தாலும் அவள் கை உள்ளே போகவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் உரித்துக்கொள்ளலாம். சத்துமாவுப் பொட்டலமும் ஆகும். ஒட்டி வருகிறது, வீட்டுக் கையால் கிளறிக்கொள்ளலாம். வேகவைத்து, உப்புப் போட்டு, கரண்டியால் எடுத்து வைக்கிற சோறுதான் ஆகாது. பச்சைப் பொருளுக்குத் தீட்டு இல்லை, சமைத்ததற்குத் தீட்டு. இதைப் பேராசிரியர்கள் பெரிய பெரிய புத்தகங்களில் எழுதிவைத்திருக்கிறார்கள். சின்னம்மா நாள்காட்டித் தாளில் எழுதிவைத்திருக்கிறார். இடதுபக்கத்துக்கும் வலதுபக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் எட்டு. அந்த ஊர்ச் சாதியின் அளவு அந்தத் தேதியில் எட்டு. இவ்வளவு துல்லியமாகத் தீண்டாமையை அளந்த வேறொரு ஆவணத்தை நான் பார்த்ததில்லை.

அந்த எட்டைத்தான் 31 என்கிற எண் முழுங்கிவிடுகிறது.

இது ஏதோ ஒரு மூலையில் நடப்பது இல்லை தோழர்களே. 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மதிய உணவுச் சமையலுக்குத் தலித், பழங்குடி மக்களுக்கு முன்னுரிமை கொடுக்கச் சொன்னது. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் சமைக்கக்கூடாது என்று ஊரே கூடி நின்றது. அவரை இடமாற்றம் செய்தார்கள். போராடிய பிறகுதான் மாற்றம் ரத்தானது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. 2023இல் காலை உணவுத் திட்டம் விரிந்தபோது கரூர் மாவட்டத்திலும் தூத்துக்குடி மாவட்டத்திலும் இதே கதை. ஆட்சியர் போய் உட்கார்ந்து சாப்பிட்டார், அமைச்சர் போய்ச் சாப்பிட்டார், படம் வந்தது. நல்லது. ஆனா யோசிச்சுப் பாருங்க, அதெல்லாம் சத்தம் போட்டதால வெளியே வந்தவை. சத்தம் போடாம பதினொண்ணரைக்குப் பேரனைக் கூட்டிட்டுப் போற பாட்டியை எந்த ஆட்சியர் பார்ப்பார்? அவரிடம் போற காகிதத்துல 31னு இருக்கே. அங்கே சமத்துவம் ஒழுங்கா நடந்துகிட்டிருக்கே.

இப்ப கணக்குக்கு வர்றேன். பிள்ளைக்கு 80 கிராம் அரிசி. 31 பேருக்கு 2,480 கிராம். 23 பேருக்கு 1,840 கிராம். வித்தியாசம் 640 கிராம். 25 நாளைக்கு 16 கிலோ. இந்த 16 கிலோ எங்கே?

ஆயா திருடிட்டான்னு சொல்லத் துடிக்கிறவங்க நிறையப் பேர். சின்னம்மா வீட்டுல ரேசன் அரிசிதான் பொங்குது, நான் சாப்பிட்டிருக்கேன். நடக்கிறது வேற. மூட்டை வரும்போதே எடை குறைவா வரும். ரெண்டு கிலோ, சில சமயம் மூணு. ஏத்துனவனைக் கேக்கமுடியாது, இறக்குனவனைக் கேக்கமுடியாது. காய்கறிக் காசு முந்தி வராது, பிந்தி வரும், கடையில கடன். கேஸ் தீர்ந்தா கைக்காசு. இந்த ஓட்டையெல்லாம் அடைக்கிறது எதை வச்சு? சாப்பிடாத எட்டுப் பிள்ளையோட அரிசியை வச்சு. அதாவது சாதிக்காரன் ஒதுக்கின சோறும் மூட்டைக்காரன் ஒதுக்கின அரிசியும் ஒரே கட்டத்துக்குள்ள ஒண்ணுக்கொண்ணு நேராகிப் போகுது. பேங்குல இதை ஈடுசெய் பிழைன்னு சொல்வோம். ரெண்டு குத்தம் சேர்ந்து ஒரு சரியான கூட்டுத்தொகை. மேலே யாருக்கும் சந்தேகம் வராது. நடுவுல மாட்டிக்கிட்டு நிக்கிறது காலனிப் பொம்பளை.

“நிஜத்தை எழுதுனா மையத்தை இன்னொண்ணோட சேர்த்துருவாங்க”ன்னு டீச்சர் சொன்னாங்க. அவங்க பயம் பொய் இல்லை. எண்ணிக்கை குறைஞ்சா ஏன்னு யாரும் கேக்கமாட்டாங்க, ஆள் குறையுதுன்னு மட்டும் முடிவு கட்டுவாங்க. அதனால மேலே இருக்கிறவங்களும் வாயால ஒரு எண்ணைச் சொல்வாங்க, இதுக்குக் கீழ போகாதேன்னு. எழுத்துல தரமாட்டாங்க. பொய்க்கணக்கு ஒரு கயிறு மாதிரி. எழுதுறவ கழுத்துல கிடக்கும், முனை எழுதச் சொன்னவன் கையில இருக்கும். எப்பவாவது மேலிடத்துலேர்ந்து சோதனைன்னு வந்தா வாயால சொன்னவருக்கு ஞாபகம் இருக்காது. கையெழுத்து யாரோடதோ அவங்கதான் பதில் சொல்லணும். நீங்க வாங்குறது முழுச் சம்பளம்கூட இல்லை, சிறப்புக் காலமுறை ஊதியம். நீங்களும் தொழிலாளிதான், பணிக்கொடை உண்டுன்னு உச்ச நீதிமன்றம் சொல்றதுக்கே 2022 ஏப்ரல் ஆயிருச்சு. தண்டிக்கிறப்ப மட்டும் உங்களை முழு அரசு ஊழியரா நடத்துவாங்க.

“அந்த அரிசியில நம்ம பிள்ளைக்கு ரெண்டு கரண்டி கூடப் போடலாமே”ன்னு ஒரு ஆயாம்மா இங்க வர்ற வழியில கேட்டாங்க. நியாயமான கேள்வி. பசிச்ச பிள்ளைக்கு 80 கிராம் பத்தாதுன்னா பத்தலைன்னு சண்டை போட்டு வாங்குவோம். 23 பிள்ளைக்கு இத்தனை கிலோ செலவாச்சு, அளவு போதலைன்னு எழுதினா அது கோரிக்கை. 31 பிள்ளை சாப்பிட்டுச்சுன்னு எழுதிட்டுப் போட்டா அது திருட்டு. அதே சோறு, அதே பிள்ளை.

பொய்யெண் கூட்டிக் காட்டுவதாக மட்டும் இருக்காது. செங்கல் சூளைக்குப் போகிற குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். பொங்கல் முடிந்து கிளம்பினால் மழைக்குத்தான் திரும்புவார்கள். பெரும்பாலும் நம் சனம், இருளர் சனம். சொந்த ஊர் மையத்தில் அந்தப் பிள்ளையின் பெயர் நிற்கும். தினமும் சாப்பிட்டதாக எழுதியிருக்கும். பிள்ளை நூறு கிலோமீட்டர் தள்ளிச் சூளைப் புழுதியில் பழைய கஞ்சியோடு உட்கார்ந்திருக்கும். அங்கே இருக்கிற மையத்தில் அதன் பெயர் கிடையாது. அந்த ஊர்க்காரப் பிள்ளை இல்லையாம். இல்லாத இடத்தில் சாப்பிடுகிறது, இருக்கிற இடத்தில் பட்டினி கிடக்கிறது. சொந்த ஊரில் ‘சூளைக்குப் போய்விட்டது’ என்று ஒரு வரி எழுதினால்தான் அந்தப் பிள்ளை எங்கே என்ற கேள்வியாவது பிறக்கும். 40 பிள்ளை இருந்து மையம் இல்லாத குடியிருப்பு கேட்டால் மூன்று மாதத்துக்குள் மையம் தரவேண்டும், தலித், பழங்குடிக் குடியிருப்புக்கு முன்னுரிமை என்று 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்ற உத்தரவு இருக்கிறது. சூளைக்காடுகளில் நாற்பதை எண்ணிக் காட்ட நம்மிடம் தாள் வேண்டுமே!

இப்ப போன் வந்திருக்கு. 2021லேர்ந்து போஷன் டிராக்கர். வீட்டுக்குக் கொடுக்கிற சத்துமாவு வாங்கற தாய்மாரோட முகத்தைப் படம் பிடிச்சு ஒத்துப்பார்க்கணும்னு 2025 ஜூலையிலேர்ந்து கட்டாயம். டவர் கிடைக்காம தாய்மார் வெயில்ல நிக்கிறாங்க, திட்டு வாங்கறது நீங்க. பொட்டலத்துக்கு இவ்வளவு கண்ணு. மத்தியானம் பந்தியில எட்டு இடம் காலியா இருக்கிறதை அந்தக் கண்ணு பார்க்குமா? அது முகத்தைப் பார்க்கும், முதுகைப் பார்க்காது. பாட்டி கையைப் பிடிச்சுக்கிட்டுப் போற முதுகு.

ஒரு முதுகைப் பத்திச் சொல்லணும். அந்த எட்டுல ஒரு பையன், மூணு வயசு. தினமும் பாட்டி வர்ற வரைக்கும் அடுப்படி வாசல்ல நிப்பானாம், சாம்பார் வாசனைக்கு. ஒருநாள் பாட்டிக்கு நேரமாயிருச்சு. அவனா ஒரு தட்டை எடுத்துக்கிட்டு வரிசையில உக்காந்துட்டான். சின்னம்மாவுக்குக் கை நடுங்கிருக்கு. போட்டா நாளைக்கு ஊர்ல என்ன ஆகும்? போடாம இருந்தா? போட்டாங்க. பாட்டி வந்து வாசல்ல நின்னு பேசின பேச்சை நான் மேடையில சொல்லமுடியாது. பையனைத் தரதரன்னு இழுத்துட்டுப் போயி வாயைக் கழுவி விட்டிருக்கு. ஒரு வாரம் அவன் வரலை. அந்தத் தேதித் தாள் டப்பாவுல இருக்கு. சோறு 24.

எழுதுற முறையைப் பத்தி ரெண்டு வார்த்தை, இது கிளார்க் பேச்சு. தட்டு வைக்கும்போதே கோடு போடுங்க. காலைச் சிற்றுணவு தனி, மத்தியானச் சோறு தனி, முட்டை தனி. தப்பா எழுதிட்டா வெள்ளை பூசாதீங்க, அழிக்காதீங்க. பழைய எண் தெரியும்படியா ஒரே கோட்டால அடிச்சு, பக்கத்துல சரியானதை எழுதி, சின்னதாக் கையெழுத்துப் போடுங்க. அடிச்சுத் திருத்தின நோட்டு அசிங்கம் இல்லை, ஆள் உக்காந்து எழுதினதுக்கு அடையாளம். மூட்டை வந்தன்னிக்கே எடை போட்டு, குறைஞ்சா ரசீதுலயே குறைவுன்னு எழுதுங்க. மிச்சமிருந்தா மிச்சம்னு எழுதுங்க. பேங்குல சாயங்காலம் காசு குறைஞ்சாலும் குத்தம், கூடினாலும் குத்தம். கூடின பத்து ரூபாயைப் பையில போடவும் முடியாது, மறைக்கவும் முடியாது. அதையும் பதிஞ்சிட்டுத்தான் கதவைச் சாத்தணும். மிச்ச அரிசியைக் காட்டப் பயப்படாதீங்க. சின்னம்மா நோட்டுல காரணம் எழுத இடம் இல்லை. கட்டம் ரெண்டு விரல் அகலம். கீழே ஓரத்துல எழுதச் சொல்லியிருக்கேன்: ‘8 பேர் உணவு உண்ணாமல் அழைத்துச் செல்லப்பட்டனர்.’ அவ்வளவு போதும். யார் எவர்னு பிள்ளைங்க பேர் வேண்டாம். பிள்ளைங்க நம்ம எதிரி இல்லை.

இயக்கத் தோழர்களுக்கும் வேலை இருக்கு. தகவல் உரிமைச் சட்டம் 2005லேர்ந்து கையில இருக்கு. பத்து ரூபாய் கட்டி உங்க ஊர் மையத்து உணவுப் பதிவேட்டையும் அரிசி இருப்பையும் கேளுங்க. ஆனா ஒண்ணு. ஆயாவை மாட்டிவிடறதுக்காகக் கேக்காதீங்க. ஆயாகிட்ட முதல்ல பேசிட்டுக் கேளுங்க. அவங்க நிஜத்தை எழுத ஆரம்பிச்ச நாள்லேர்ந்து கேளுங்க. அன்னிக்குத்தான் அவங்களுக்கு ஆள் வேணும்.

ஏன்னா சின்னம்மா மையத்துல அது ஆரம்பிச்சிருச்சு. டீச்சர் ரெண்டு மாசம் யோசிச்சாங்க. போன மாசம் ஒண்ணாந்தேதியிலேர்ந்து நாள்காட்டித் தாள்ல இருக்கிறதை அப்படியே நோட்டுல ஏத்துறாங்க. 23, 22, 23. மெமோ வந்திருச்சு. பயனாளிகள் எண்ணிக்கை திடீரெனக் குறைந்ததற்கு ஏழு நாளுக்குள் விளக்கம் தரவேண்டுமாம், தவறினால் ஒழுங்கு நடவடிக்கையாம். இருபது வருசமா ஒரே மாதிரி 31 இருந்தப்ப விளக்கம் கேக்காதவங்க.

பதிலை நான்தான் எழுதிக் கொடுத்தேன். அதுல கவிதை ஒண்ணும் இல்லை, வாசிக்கிறேன்.

‘மேற்படி மையத்தில் எண்ணிக்கை குறையவில்லை. முன்பு எழுதப்பட்டது வருகை எண்ணிக்கை. தற்போது எழுதப்படுவது உணவு உண்ட குழந்தைகளின் எண்ணிக்கை. உதவியாளர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்பதால் அவர் சமைத்த உணவைத் தங்கள் குழந்தைகள் உண்ணக்கூடாது எனச் சில குடும்பத்தினர் நாள்தோறும் மதிய உணவுக்கு முன் அழைத்துச் செல்கின்றனர். முட்டையை மட்டும் பெற்றுச் செல்கின்றனர். இதற்கான தினசரிக் குறிப்புகள் உள்ளன. அலுவலர் நேரில் வந்து, மதியம் 12 மணிக்கு மையத்தில் இருந்து, எண்ணிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.’

கீழே சின்னம்மா கையெழுத்து இருக்கு. டீச்சர் நேத்து ராத்திரி போட்டாங்க. காலனித் தாய்மார் பதினாறு பேர் போட்டிருக்காங்க. ஊர்த்தெருவுலேர்ந்து ஒரு தாய், அந்த மூணு வயசுப் பையனோட அம்மா, போடறேன்னு சொல்லியிருக்காங்க, இன்னும் போடலை. அவங்களுக்கு ஒரு வரி இடம் விட்டிருக்கேன். ஏழு நாள் வர்ற புதன்கிழமை முடியுது. தாளை இந்த மேசை மேலயே வைக்கிறேன். கூடப்போய்க் கொடுக்க எத்தனை பேர் வர்றீங்கன்னு இப்பவே எண்ணிக்கலாம். கையைத் தூக்குங்க.